ஒரே அடுப்புச் சோறு

குண்டான பிள்ளையைக் கண்டால் "என்ன சாப்பிடுறா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கே குடியிருக்கிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இன்றும் அதில் கோபம் உண்டு.

பத்து வயதுவரை நாங்கள் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பள்ளிவிட்டு வந்து பையை எறிந்தால், விளக்கு வைக்கும்வரை மைதானம்தான். கல்லா மண்ணா ஆட்டத்தில் என்னைத் துரத்திப் பிடித்த பையன் கிடையாது. சாப்பிடக் கூப்பிட்டே அம்மாவுக்குத் தொண்டை வறண்டுபோகும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா மன்னார்புரத்தில் சொந்த வீடு கட்டினார். எல்லோருக்கும் ஒரே பெருமை. வாசலை உரசிக்கொண்டு லாரிகள் போகும். விளையாட ஓர் இடம் கிடையாது. எதிரில் பேக்கரி மட்டும் இருந்தது. அண்ணனுக்குச் சைக்கிள் வந்தது, சாயங்காலமானால் பழைய மைதானத்துக்கே போய்விடுவான். எனக்கு வாசலுக்கே வரும் ஸ்கூல் ரிக்‌ஷா.

நானும் போகிறேன் என்று அழுவேன்.

"பொம்பளப்புள்ள, இந்த ரோட்டுல எங்கடி போவ? இந்தா, இதத் தின்னுட்டு உள்ள உக்காந்து படி."

அம்மா ஒரு தேங்காய் பன்னைக் கையில் திணித்துவிட்டுக் கதவைத் தாழ் போடுவாள். அழுகை ஓயாவிட்டால் இன்னொரு பன். நான் கேட்டது பன் இல்லை. ஆனால் கொடுத்ததைத் தின்றேன், பொய் சொல்வானேன், ருசியாகத்தான் இருந்தது.

இரண்டே வருடத்தில் பாவாடை எதுவும் இடுப்பில் நிற்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அம்மா டாக்டரிடம் கூட்டிப்போனாள். என்ன சாப்பிடுகிறாள் என்று அவரும் கேட்டார். அம்மா பன்னைச் சொல்வாள், தாழ்ப்பாளைச் சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத ஏன் கேக்குறீங்க டாக்டர். இவ அண்ணனும் ஒரே அடுப்புச் சோறுதான் சாப்பிடுறான், குச்சி மாதிரி இருக்கான். இவளுக்குத்தான் வாய் சும்மாவே இருக்காது. நான் எவ்வளவு சொன்னாலும் கேக்கமாட்டேங்குறா."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. பெற்றவளே காட்டிக்கொடுத்தால் யாரிடம் போய் முறையிடுவது?

"நல்லா ஓடியாடி விளையாட விடுங்கம்மா" என்றார் டாக்டர்.

"சரிங்க டாக்டர்" என்று அம்மா தலையாட்டினாள்.

அந்தச் சரியை நம்பினேன். வீட்டுக்கு வந்ததும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அம்மா எனக்கு முன்னால் வந்து கதவைத் தாழ் போட்டாள். அன்று பன்னும் தரவில்லை.