கத்தி நிற்கும் இடம்

கரப்பான்பூச்சியின் மேல் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் பழைய வாழ்த்து அட்டையைச் செருகி, ஜன்னல் வரை இரு கையாலும் ஏந்திக்கொண்டு போகிறார் அப்பா. "போயிட்டு வாடா ராஜா" என்று வழியனுப்பியும் வைக்கிறார். அது நிஜமாகவே திரும்பி வருகிறது. அதே கரப்பான்தான் என்பது அவர் கட்சி.

போன நாவலில் வெட்டுக்கிளிகளை ஏவி ஒரு ரயில் நிறைய ஆட்களைத் தின்னக் கொடுத்தவர் இவர்தான். அதற்கு முந்தையதில் எறும்புகள். ஒரு நகராட்சியே மிஞ்சவில்லை. வீட்டில் பூச்சி அடிப்பது மட்டும் அம்மாவின் இலாகா. அவர் செருப்பைக் கழற்றும்போதே அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

எழுதுவது சமையலறை மேசையில்தான். அம்மா காய் நறுக்கும்போது ஒவ்வொரு அத்தியாயத்தையும் அப்பா உரக்கப் படிப்பார். அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டார். கத்திச் சத்தத்தைக் கேட்பார். ஒரு நொடி நின்றால் அத்தியாயம் தேறிவிட்டது. நிற்காமல் ஓடினால், அம்மா எவ்வளவு புகழ்ந்தாலும் பக்கங்கள் குப்பைக்கூடைக்குத்தான். "உங்கம்மா வாய் மரியாதைக்குப் பேசும்டா. கை அப்படிப் பேசாது."

அம்மா இறந்தபோது குளவி நாவலில் ஒரே ஓர் அத்தியாயம் பாக்கி. இன்னும் பாக்கி. அட்டைப்படம் அச்சாகிவிட்டது: பேருந்தைவிடப் பெரிய குளவி. பதிப்பாளர் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"சார், குளவி எப்ப வரும்?"

"வரும்யா. இறக்கை காய வேணாமா?"

நேற்று அவர் கெஞ்சவில்லை. இந்த வாரத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்வதாகச் சொன்னார். அப்பா "சரி" என்று வைத்துவிட்டு டம்ளரைத் தேடினார். அப்போது வீட்டில் பூச்சி எதுவும் இல்லை.

நான் இயந்திரப் பொறியாளன். தெரிந்த வழியில் உதவப் பார்த்தேன்.

"அப்பா, இந்த அளவுக் குளவி பறக்காது. எடை தாங்காது."

"அது குளவியோட கவலை. நீ ஏன்டா தூக்கிச் சுமக்கிற?"

இன்று காலை என் முன்னால் பீன்ஸும் அம்மாவின் கத்தியும் வந்தன. "நறுக்கு" என்றார் அப்பா. கையில் புதிதாய் எழுதிய தாள்கள்.

படித்தார். குளவிக் கூட்டம் ஊரை இருட்டாக்கிக்கொண்டு வந்தது. ஒரு பெண் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். கடைசி ஜன்னலருகே நின்று காலில் இருந்த செருப்பைக் கழற்றினாள். எழுத்து சுமார்தான். ஆனால் எழுதியிருக்கிறாரே, எனக்கு அது போதும். நல்ல இடமாகப் பார்த்துக் கத்தியை நிறுத்தினேன்.

அப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீயாத்தான் நிறுத்தின."

"இல்லப்பா, நிஜமாவே பயமா..."

"அவ பாதி பீன்ஸ்ல நிறுத்துவா. நீ கையில இருந்ததை முழுசா நறுக்கி, ஒழுங்கா அடுக்கி வெச்சுட்டு பயப்படற. இதெல்லாம் ஒரு பயமாடா?"

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். படித்த தாள் ஒவ்வொன்றிலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை குறுக்கே ஒரு கோடு இழுத்தார். புதுத் தாள் ஒன்றை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தலை நிமிராமலே இன்னொரு கைப்பிடி பீன்ஸை என் தட்டில் வைத்தார்.