நின்ற இடத்திலிருந்து

அதிவேகக் கணினி பாவிப்பவர்களின் வருடாந்தக் கூட்டம் அந்த முறை கண்டியில் நடந்தது. யுத்த காலம். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோர் தலையும் திரும்பும். என் ஊருக்குப் போகும் அலவத்துகொட பஸ் ஓடுமோ ஓடாதோ என்று நானும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

மேடையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். மெலிந்த உடம்பு, கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை, காதில் செருகிய பென்சில். கிணறுகளில் உப்பு ஏறுவதைக் கணக்கிடும் அவருடைய புரோகிராம், ஐந்து நிமிடத்துக்கொருமுறை செய்ததைச் சேவ் பண்ணிவிட்டுத்தான் மேலே போகும்.

"வேகம் பாதியாகிடுமே, சேர்?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி. எங்கட பக்கம் கரண்ட் எப்ப போகுமெண்டு தெரியாது. நிண்ட இடத்தில இருந்து தொடங்கேலுமெண்டால் அது போதும்."

சிலர் சிரித்தார்கள். அவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கையில் பொலிஸார் இருவர் வந்து அவருடைய அடையாள அட்டையைக் கேட்டார்கள். பார்த்துவிட்டு வெளியே வரச் சொன்னார்கள். அவர் கையிலிருந்த தாளில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். ஒருவரும் எழும்பவில்லை. நானும்தான். அடுத்தவர் பேசினார், தேநீர் வந்தது.

இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தார். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. தாளில் அந்தப் பென்சில் கோட்டைத் தேடிப் பிடித்து, பாதியில் விட்ட வசனத்தைச் சொல்லி முடித்தார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் கிட்டப் போய், "என்ன கேட்டாங்க, சேர்?" என்றேன்.

"அதைச் சேவ் பண்ணேல்லை, தம்பி."

நான் கதிரையை விட்டு எழும்பாததைச் சேவ் பண்ணியிருப்பாரோ என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.