ஈரத் தலையோடு வந்தவள்

அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நான் தஞ்சோங் காராங்கில் ஒரு சீனரின் மீன்படகில் இருந்தேன். அதற்கு முன் லோரி, அதற்கும் முன் செங்கல் சூளை. பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவனுக்கு வேலையை விடுவது பெரிய காரியமில்லை. மாமா இறந்தபின் கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அக்கா தனியாக இருந்தாள். கிளம்பி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவளைப் பஸ்ஸில் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். அங்கே வார்டில் தங்கிக் கதிர்வீச்சுச் சிகிச்சை. வெள்ளிக்கிழமை போய் அழைத்து வருவேன். தோட்டத்தில் அதைக் 'கரண்டு வைக்கிறது' என்றுதான் சொன்னார்கள்.

எங்கள் லயத்து வீடுகளுக்கு அப்போதுதான் மின்சாரம் வந்திருந்தது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டால் சாவுதான் என்று தோட்ட ஆபீஸ் கிராணி வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெண்கள் இந்தக் கரண்டையும் அந்தக் கரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அக்கா வாளியோடு பொதுக் குழாய்க்குப் போனால், "நீ மொதல்ல புடிச்சிட்டுப் போக்கா" என்று மரியாதையாகத் தள்ளி நின்றார்கள்.

ஒருத்தியிடம் கேட்டேன். "ஒடம்புல கரண்டு ஏத்திருக்காங்க. தண்ணி வழியா பாயாதா தம்பி?" என்றாள்.

"பஸ்ல பக்கத்துல ஒக்காந்துதான வர்றேன். செத்தா போயிட்டேன்?"

"நீ ரப்பர் சிலிப்பர் போட்டிருக்க."

ஒரு சனிக்கிழமை அக்கா, "இந்தத் திங்க நான் வரலடா" என்றாள். பாதியில் விட்டால் கட்டி மறுபடி வளரும் என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன்.

"ஆஸ்பத்திரில மலாய்க்காரம்மா ஒண்ணு என் கட்டில்ல வந்து ஒக்காருது. பாதிப் பேச்சு புரியல, இருந்தாலும் ஒக்காருது. இங்க கொழாயடியில நான் ஒருத்திதான். பொழச்சு வந்து யாருகூடப் பேசப்போறேன்?"

அன்று மாலை, பக்கத்து மரநிரையில் பால்மரம் வெட்டும் அக்காவின் கூட்டாளி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவளும் இரண்டு வாரமாக எங்கள் வாசலை மிதிக்காதவள்தான். வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டாள்.

ஞாயிறு மத்தியானம் லயத்துப் படிகளில் பெண்கள் ஒருவருக்கொருவர் பேன் பார்ப்பது வழக்கம். கூட்டாளி தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து எங்கள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"வெளிய வாடி. தல அரிக்குது."

அக்கா கதவருகே நின்றாள். "என் கையில கரண்டு இருக்குடி."

"இருக்கட்டும்லா. பேனெல்லாம் சாகட்டும். நீ பாக்காம அதுங்க குடும்பமே பெருகிப்போச்சு."

"தலைய வேற நனைச்சிட்டு வந்திருக்க."

"சாவுறதுதான் சாவுறோம், குளிச்சிட்டுச் சாவுவோம்னு வந்தேன். ஒக்காருடி."

அக்கா அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து கூந்தலில் கை வைத்தபோது நான் எதிரே நின்றிருந்தேன். கூட்டாளி கண்களை இறுக மூடிக்கொண்டு இரண்டு கைகளாலும் படியைப் பிடித்திருந்தாள். அவளும் அதை நம்பித்தான் இருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நகத்தில் ஒரு பேன் சொடக்கென்று நசுங்கியது. அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"இன்னும் உசுரோடதான்டி இருக்கேன்" என்றாள். அக்கா சிரித்தாள். தொண்டைப் புண்ணால் அது இருமலாக முடிந்தது. குழாயடியில் நின்ற பெண்களில் ஒருத்தி வாளியை வைத்துவிட்டு வந்தாள். பிறகு இன்னொருத்தி. பொழுது சாயும்வரை எங்கள் படியில் இடமில்லை.

திங்கள் காலை அக்கா எனக்கு முன்பே சேலை கட்டிக்கொண்டு நின்றாள். வேலைக்கு வரவில்லை என்று மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லிவிட்டுக் கூட்டாளியும் வந்து பஸ் ஏறினாள். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் அவர்கள் உட்கார்ந்துகொண்டதால் நான் கோலாலம்பூர்வரை நின்றுகொண்டே போனேன். அக்காவுக்குக் குரல் பாதிதான் வந்தது. அதை வைத்துக்கொண்டே வழி முழுக்கக் கூட்டாளியிடம் மண்டோரைத் திட்டினாள்.