பன்னிரண்டாவது முத்திரை

பதின்வயதினருக்கான மாயக்கதைகளை மட்டுமே வெளியிடும் அந்தப் பதிப்பகத்தில் அவருடைய பதவி 'முதல் வாசகர்'. தபாலில் வரும் நாவல் பிரதிகளை எல்லோருக்கும் முன்னால் படித்து, தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடமாகச் சொல்லிவந்தார், பெரும்பாலும் தேறாது என்று. ஆபீசில் அவரை முகத்துக்கு நேராகவே 'முத்திரை மேடம்' என்றார்கள். அவரும் அதைப் பட்டம் போல ஏற்றுக்கொண்டார்.

பெயர் வந்த கதை எளிது. முதல் நான்கு வருடம், 'மறுபடியும் அநாதைப் பையன்', 'மறுபடியும் தோளில் மச்சம்' என்று ஒவ்வொரு பிரதியின் ஓரத்திலும் எழுதி எழுதி மணிக்கட்டு வீங்கியது. எழுதுவதைக் குறைக்கும்படி டாக்டர் சொன்னார். நாவலாசிரியர்கள் குறைப்பதாகத் தெரியவில்லை. எனவே ரப்பர் முத்திரை செய்கிறவரிடம் போய்ப் பதினொன்று செய்துகொண்டு வந்தார். 'அநாதை', 'பிறவி மச்சம்', 'பழைய ஏட்டில் அன்றே எழுதியிருக்கிறது', 'யாராலும் உருவ முடியாத வாள்', 'வழிகாட்டும் கிழவர் (மூன்றாம் பாகத்தில் சாவார்)' என்று வரிசையாக, ஊதா மையில். விதியையும் அவரே போட்டார். ஐந்து முத்திரை வரை மன்னிப்பு. ஆறாவது விழுந்தால், முதலாளி கையெழுத்திட்ட வருத்தக் கடிதத்தோடு பிரதி திரும்பிப் போகும்.

இந்தக் கதைகளை அவர் வெறுத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டு அலமாரி முழுக்க அதே அநாதைகள்தான் இருந்தார்கள். பகலில் முத்திரை குத்திய கையாலேயே மாலையில் பக்கம் புரட்டி, வாள் உருவப்படும் இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. பதினொன்றில் ஒன்றுகூட விழாத நாவல் ஒன்றைத் தானே எழுதிப் புத்தகமாகப் பார்த்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளாகச் சேர்த்து எட்டு வருடத்தில் எழுதி முடித்தார். கதாநாயகிக்குப் பதினைந்து வயது. அப்பா, அம்மா இருவரும் நல்ல ஆரோக்கியம். உடம்பில் மச்சம் என்ன, அம்மைத் தழும்புகூடக் கிடையாது. மலைமேல் ஒரு டிராகன் ஆற்றை மறித்துப் படுத்திருக்கிறது. அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறாள் பெண். பரீட்சை முடியட்டும் என்கிறார் அம்மா.

ஆபீஸ்காரர்கள் எழுதியதைப் பெயரில்லாமல் இன்னொருவர் படித்து, அதே முத்திரைகளைக் குத்துவது அங்கே வழக்கம். அந்த வேலை பக்கங்களை வடிவமைக்கும் லேஅவுட்காரருக்கு வந்தது. பிரதியில் பெயர் இல்லைதான். ஆனால் ஓரமெல்லாம் ஊதா விரல் ரேகை.

ஒரு வாரம் கழித்து அவர் அதை மேடத்தின் மேசையில் வைத்தார்.

"ஒரு முத்திரைகூட விழலை மேடம். முத்திரை வந்த பதினஞ்சு வருஷத்துல இதான் முதல் தடவை."

மேடம் பேனாவை மூடினார். "அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"நூத்திப் பன்னெண்டு பக்கம் போயாச்சு. பொண்ணு இன்னும் வாசப்படி தாண்டலை."

"அவங்க அம்மா விட மாட்டேங்கறாங்களே."

"அதான் சொல்றேன். அம்மாவைப் போட்டுத் தள்ளிடுங்க. சின்னதா ஒரு காய்ச்சல் போதும்."

எழுத்தாளர்கள் சோம்பேறித்தனத்தால்தான் அநாதைகளை உற்பத்தி செய்கிறார்கள் என்று மேடம் இத்தனை காலம் நம்பியிருந்தார். புத்தி சரியாக உள்ள எந்தத் தாயும் பதினைந்து வயதுப் பெண்ணை டிராகனிடம் அனுப்ப மாட்டாள் என்பது இப்போதுதான் உறைத்தது. அநாதை என்பது கற்பனைப் பஞ்சம் அல்ல, வீட்டைவிட்டுக் கிளம்ப ஓர் அனுமதிச் சீட்டு.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னார். "கதை நகரணும்னா அம்மாவைக் கொல்லணுமாம்."

"எப்போ?" என்றாள் மகள், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இன்னைக்கு ஒரு பொண்ணு வண்டி கத்துக்க வந்துச்சு. பின் சீட்டுல அவங்க அம்மா. கிளட்ச் எது, பிரேக் எதுன்னு தெரியாது. ஆனா ரெண்டு கிலோமீட்டரும் 'மெதுவா, மெதுவா'தான்."

"இறக்கி விட வேண்டியதுதானே?"

"சொன்னேனே. நீங்க வேணா இறங்கிக்கங்கன்னு என்கிட்டயே சொல்லிட்டாங்க."

மேடம் சிரிக்கவில்லை. எழுதப் பேப்பர் எடுக்கப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாவலில் வந்த அம்மா, 'சரி, போகலாம். நானும் வரேன்' என்று சொல்லிவிட்டு, குடையும் ஒரு மாற்று ஸ்வெட்டரும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த அம்மாவோடு மோதுவதற்கென்றே பழைய சாமான்கள் ஒவ்வொன்றாகக் கதைக்குள் வந்தன. மேடத்தால் தடுக்க முடியவில்லை. இந்தப் பெண் வருவாள் என்று பழைய ஏட்டில் அன்றே எழுதியிருந்தது. 'எழுதினவங்க எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா?' என்றார் அம்மா. தோளில் பிறவி மச்சம் என்று ஊரே கைகூப்பியது. 'ரெண்டு வயசுல இஸ்திரிப் பெட்டி மேல சாஞ்சா' என்றார். மந்திர வாளைப் பார்த்து, 'துரு பிடிச்சிருக்கு, கையை வைக்காதே' என்றார். டிராகனிடம் கேட்ட முதல் கேள்வி, 'பகல்ல தூங்கறியே, உடம்புக்கு என்ன?'

ஏழு மாதம் கழித்துப் பிரதி மறுபடி லேஅவுட்காரரிடம் போனது. பஸ்ஸில் படித்துக்கொண்டே போனவர் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, பஸ் நிற்கும் கடைசி இடம்வரை போய்விட்டார். இருந்தாலும் மறுநாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் வந்தார்.

"ஆறு மேடம். ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

மேடம் வாதாடவில்லை. தனக்குத்தானே கடிதம் தட்டச்சு செய்தார். 'அன்புள்ள எழுத்தாளருக்கு, தங்கள் படைப்பில் திறமை தெரிகிறது. ஆனால்...' தானே உருவாக்கிய வாசகம்தான், பண்பான வாசகம் என்ற பெருமையும் உண்டு. வாங்குகிற இடத்தில் உட்கார்ந்து படித்தபோது, அந்த 'ஆனால்' செருப்புக்குள் சிக்கிய கல் மாதிரி இருந்தது. கடிதத்தைக் கையெழுத்துக்கு வைத்தார்.

முதலாளி படிக்காமல் கையெழுத்திடுவதில் தேர்ந்தவர். அன்று பார்த்து முகவரி கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன மேடம், உங்களுக்கே எழுதியிருக்கீங்க?"

"ஆறு விழுந்துடுச்சு சார். விதி."

"நீங்க போட்ட விதிதானே. ஏழுன்னு மாத்திக்கங்க."

"இதுவரைக்கும் ஆறு விழுந்து திரும்பிப் போனவங்க எல்லாரும் வந்து சட்டையைப் பிடிப்பாங்க சார்."

முதலாளி பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போனார். இரண்டு நாள் எந்தக் கடிதத்திலும் கையெழுத்து விழவில்லை. மூன்றாம் நாள் லேஅவுட்காரரைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தை விரித்தார்.

"வழிகாட்டும் கிழவர்னு யார் மேலய்யா குத்தியிருக்கீங்க?"

"அந்த அம்மா மேல சார். கூட வர்ற பெரியவங்களுக்கு வேற முத்திரை இல்லையே."

"இவங்க எங்க வழி காட்டறாங்க? ரெண்டு தடவை தப்பான பாதையில கூட்டிட்டுப் போறாங்க. மூணாம் பாகத்துல சாகவும் மாட்டேங்கறாங்க."

இருவரும் மேடத்தைப் பார்த்தார்கள். அவர் பிரதியை வாங்கி அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து கடைசிவரை, வேறு யாரோ எழுதியது போல, படித்தார். பிறகு பென்சிலை எடுத்து முத்திரையின் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'செல்லாது' என்று எழுதினார்.

"அஞ்சு" என்றார் லேஅவுட்காரர்.

புத்தகம் வந்தது, நன்றாகவும் விற்றது. அடுத்த வருடம் தபால் பையில் ஒரே வாரத்தில் மூன்று பிரதிகள். முதல் கதையில் பறக்கும் படகில் ஓர் அம்மா. அடுத்ததில் பாதாள லோகத்துக்கு டார்ச் விளக்கோடு ஓர் அம்மா. மூன்றாவதில் அப்பட்டமாக, குடையும் ஸ்வெட்டரும்.

மேடம் முத்திரைக் கடைக்குப் போனார்.

"பழசு தேஞ்சு போச்சா?" என்றார் கடைக்காரர்.

"அதெல்லாம் தேய இன்னும் நாள் ஆகும். புதுசு ஒண்ணு வேணும்." துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: 'கூடவே வரும் அம்மா'.

மறுநாள் லேஅவுட்காரர் மேடத்தின் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். "நியாயப்படி முதல்ல இதுல."

"குத்தினா ஆறு ஆயிடுமே."

"கடைக்குப் போனது இனிமே திரும்பி வராது மேடம்."

மேடம் புது முத்திரையை ஊதா மையில் ஒற்றி, தன் நாவலின் முதல் பக்கத்தில், சற்றுக் கோணலாக, அழுத்தி ஒரு குத்து குத்தினார்.