பொம்பளை மாத்திரை

இரண்டாவது உலகச் சண்டை முடிந்தும் அரிசிக்கு ரேஷன் நீங்காத காலம். மம்சாபுரத்தில் எங்கள் தோட்டத்தில் கமலை இறைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. முதல் உலகச் சண்டையில் மெசபொடோமியாவில் பட்டாளத்து மூட்டைகளைச் சுமந்த இடுப்பு அது. வலியை நான் பொருட்படுத்தவில்லை. பிறகு சிறுநீர் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. ஒரு நாள் அதுவும் நின்றுபோக, என் மனைவி வண்டியைப் பூட்டச் சொல்லி என்னை ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனாள்.

அங்கே இருந்த டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். ரப்பர் குழாய் போட்டு நீரை எடுத்துவிட்டார். மதுரைக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்க வைத்தார். படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார்.

"மூத்திரப் பைக்குக் கீழ ஆம்பளைகளுக்கு ஒரு சுரப்பி இருக்கு. அதுல புத்து. எலும்புக்கும் பரவியிருக்கு" என்றார்.

ஆண்மைச் சுரப்புதான் அந்தப் புற்றுக்குத் தீனி என்றும், அதை நிறுத்தினால் புற்று அடங்குகிறது என்றும் சீமையில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். விதையை அறுத்து எடுத்துவிடலாம். இல்லையென்றால் பெண்களுக்குச் சுரப்பதைப் போலச் செய்த மாத்திரை இருக்கிறது. பம்பாயிலிருந்து வரவழைக்க வேண்டும்.

"குணமாயிருமா?" என்று கேட்டேன்.

"ஆகாது. அடங்கும். எம்புட்டு நாளைக்குன்னு எனக்குத் தெரியாது. இன்னும் ஆராய்ச்சியில இருக்கிற வைத்தியம்."

தெரியாது என்று சொன்ன டாக்டரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவரிடமே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். கத்தி வேண்டாம், மாத்திரை போதும் என்றேன்.

மாத்திரை வேலை செய்தது. படுக்கையில் புரள ஆள் வேண்டியிருந்தவன் ஒரு மாதத்துக்குள் தோட்டம் வரை நடந்தேன். ஆனால் வேறு சிலவும் வந்து சேர்ந்தன. திடீரென்று நெஞ்சிலிருந்து உச்சந்தலை வரை அனல் ஏறும், வேர்வை ஊற்றும். மனைவியிடம் சொன்னபோது சிரித்துவிட்டாள்.

"எனக்குத் தூரம் நின்னப்ப இப்படித்தான் வந்துச்சு. ஈரத் துணியைக் கழுத்துல போடுங்க, செத்த நேரத்துல போயிரும்."

மார்பு இரண்டும் வலியெடுத்து வீங்கின. வீக்கம் வற்றவில்லை, பெண்ணின் மார்பாகவே ஆயின. ஆசை உடம்பை விட்டுப் போயிற்று. போனதற்காக ஏங்கக்கூட முடியவில்லை. ஏங்குவதற்கும் அதுதானே வேண்டும்! இதையும் அவளிடம் சொன்னேன். "எந்திரிச்சு நடக்கீகளே, அது போதும்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் நெடுநேரம் திரும்பி வரவில்லை.

ஊருக்குள் அதற்குப் பொம்பளை மாத்திரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை வந்தது. வருஷா வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு வெற்றுடம்போடு படியேறுவது என் வழக்கம். மனைவியின் தம்பி முதல் நாளே வந்தான்.

"அத்தான், இந்த வருசம் சட்டை போட்டுக்கிட்டு வாங்க. அம்புட்டுப் பேரும் பாப்பாக."

"பாக்கட்டும்லே. நெஞ்சுல குண்டு பட்ட தழும்பைக் காட்டுங்கன்னு நீதான கேட்டுக் கேட்டுப் பாத்த? அது பட்டப்ப நான் பொழைச்சேன். இப்பவும் பொழைச்சிருக்கேன். எதுக்குலே மூடணும்?"

வேட்டியை மட்டும் கட்டிக்கொண்டு ஏறினேன். முதுகுக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது. ஆனாலும் இடுப்பில் சுற்றியிருந்த துண்டை எடுத்து மார்பில் போடவில்லை.

அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சுற்று வட்டாரத்து டாக்டர்கள் கூடினார்கள். என்னையும் அழைத்து வந்து காட்ட அனுமதி கேட்டார் எங்கள் டாக்டர். சம்மதித்தேன். மனைவியும் கூட வந்தாள். சட்டையைக் கழற்றி என்னை நடுவில் நிற்க வைத்தார்கள். ஒருவர் மார்பை அமுக்கிப் பார்த்தார். இன்னொருவர் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். பட்டாளத்தில் பழகிய இங்கிலீஷ் எனக்கு உண்டு. தாய்ப்பால் உண்டா என்று கேட்டிருந்தார். பக்க விளைவு என்ன என்று மதுரையிலிருந்து வந்திருந்த பெரியவர் கேட்டார். பெரிதாக ஒன்றும் இல்லை என்றார் எங்கள் டாக்டர்.

"பெருசா இல்லைன்னு யாரு சொன்னா?" என்றேன்.

அனல் ஏறுவதைச் சொன்னேன். மார்பில் சட்டை உரசினாலே வலிப்பதைச் சொன்னேன். காரணமில்லாமல் அழுகை வருவதையும், ஆசை போனதையும் சொன்னேன். கதவருகே நின்ற மனைவி தலையைக் குனியவில்லை.

"இதெல்லாம் உயிருக்கு ஆபத்தில்லையே" என்றார் சிரிக்க வைத்தவர்.

"உயிரு என்னோடது. அதுல எது பெருசு, எது சிறுசுன்னு நான் சொல்லுதேன். மாத்திரை வேண்டாம்னு சொல்லல. அதாலதான் நிக்கேன். நாளைக்கு இன்னொருத்தனுக்குக் குடுக்கும்போது இம்புட்டையும் சொல்லிட்டுக் குடுங்க. அவன் பொண்டாட்டியையும் கூப்பிட்டு வச்சுச் சொல்லுங்க."

மதுரைப் பெரியவர் எழுந்து என் சட்டையை எடுத்துக் கொடுத்தார். பிறகு மனைவிக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லி, அவளிடமும் கேட்க ஆரம்பித்தார்.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் டாக்டர் தனியாக முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ராஜபாளையத்தில் இறங்கியதும், "நான் உங்களைக் கேட்டிருக்கணும்" என்றார். "இனிமே கேளுங்க" என்றேன். கேட்டார். பின்னால் எனக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கியபோது, அதை அப்போதே சொன்னதால் மாத்திரையைக் குறைக்க முடிந்தது.

மறுவருஷம் வ. புதுப்பட்டியிலிருந்து ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அதே நோய். மருந்தைத் தொடங்கும் முன் என்னிடம் பேசிவிட்டு வரும்படி டாக்டர் அனுப்பியிருந்தார். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் அறுவையே செஞ்சுக்கிடுதேன் அண்ணாச்சி" என்றார். அவர் விருப்பம் அது. தெரிந்து எடுத்த முடிவு.

இப்போது எனக்கு இடுப்பில் வலி மறுபடியும் தலைகாட்டுகிறது. டாக்டர் எனக்கும் விதையை எடுக்கும் அறுவையைப் பற்றிப் பேசுகிறார். நான் தலையாட்டிவிட்டேன். என் மனைவி அப்படி விடுவதாக இல்லை. டாக்டர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, அறுத்த பிறகு என்னென்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.