நெடுந்தீவார் சேர்ந்து வாங்கிய படகு

போன கிழமை நெடுந்தீவில் ஒரு கலியாணம். சாப்பிட்டு முடித்து இறங்குதுறைக்கு ஓடினேன். அக்கரைக்குப் போகும் படகு போய்விட்டது! காற்று பலம் என்பதால் பின்னேரப் படகும் ஓடாதாம்.

விழித்துக்கொண்டு நிற்கும்போது ஓட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளே நிறைமாதத்தில் ஒரு இளம் பெண், தர்சினி. பக்கத்தில் கணவன் ரூபன், வியர்த்து வழிந்தபடி.

"பிள்ளை குறுக்கால கிடக்கு. ஒப்பரேசன் செய்யவேணும். உடன யாழ்ப்பாணம் போகவேணும்" என்றார் கூட வந்த மருத்துவமாது.

எப்படிப் போவது?

துறையின் ஓரத்தில் கூரை போட்ட படகு ஒன்று நின்றது. அதில் நின்ற மீனவர் அன்ரன் அண்ணை கையைக் காட்டினார். "கொண்டு வாங்கோ!"

"இந்தக் கடலில ஏலுமோ அண்ணை?" - ரூபன்.

"ஏலாது எண்டு சொல்லவோ இதை வாங்கினனாங்கள்?"

அது நெடுந்தீவாரின் சொந்த நோயாளர் படகு. யாராவது தருவார்கள் என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஊரே சேர்ந்து வாங்கியது. மீனவர்கள் மீன் விற்ற காசில் ஒரு பங்கு போட்டார்கள். கமக்காரர்கள் ஆட்டுக்கிடாய்களை விற்றார்கள். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் பிள்ளைகள் இஞ்சினுக்கு அனுப்பினார்கள். காசில்லாத வீடுகள்? மெத்தையும் தலையணையும் தைத்துக் கொடுத்தன. ஓட்டுவது மீனவர்கள், முறை வைத்து... சம்பளம் கிடையாது.

"அக்கா, நீங்களும் ஏறுங்கோ. சேலைன் போத்தல் பிடிக்க ஆள் வேணும்" என்றார் மருத்துவமாது.

ஏறினேன்.

நடுக்கடலில் படகு தூக்கித் தூக்கி விழுந்தது. தர்சினி என் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள். "அக்கா, பிள்ளைக்கு ஒண்டும் ஆகாதுதானே?"

எனக்கென்ன தெரியும்? "ஒண்டும் ஆகாதம்மா" என்றேன். அன்ரன் அண்ணையோ அலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெரிய அலை வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, அவளைக் குலுக்காமல் கொண்டு போனார்.

அக்கரையில், குறிகட்டுவான் துறையில் அம்புலன்ஸ் காத்து நின்றது. தர்சினியை ஏற்றியதும் ரூபன் சட்டைப்பைக்குள் கையை விட்டான். "அண்ணை, எவ்வளவு?"

அன்ரன் அண்ணைக்குக் கோபமே வந்துவிட்டது.

"உமக்கென்ன விசரே? இது உம்மட படகும்தான். சொந்தப் படகில வந்ததுக்கு ஆரும் காசு குடுப்பினமோ? போம், மனுசியோட ஏறும்!"

ரூபன் அழுதுவிட்டான். நானும்தான்...

பொழுது படுவதற்குள் ரூபனிடமிருந்து போன் வந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

உதவி வாங்கும்போது கொஞ்சமாவது தலை குனிய வேண்டியிருக்கிறது, இல்லையா? இங்கே அது இல்லை. கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் ஒரே ஆட்கள். எத்தனையோ கட்டடங்களில் கட்டடத்தைவிடப் பெரிதாகக் கொடையாளர் பெயரைப் பார்த்தவள் நான். இந்தப் படகில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு பெயரும் இல்லை!

பக்கத்துத் தீவான நயினாதீவிலிருந்து சிலர் வந்து, படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் படமும் எடுத்துக்கொண்டு போனார்களாம், தாங்களும் இப்படி ஒன்று வாங்க.

நல்ல பொறாமை... பரவட்டும்!