இஞ்ஞாசியம்மாளின் கேஸ் தொட்டி

வாளியின் மூடியைத் திறப்பதற்கு முன்பே உள்ளே இருப்பது என்னவென்று இஞ்ஞாசியம்மாளுக்குத் தெரிந்துவிடும். மூக்கு அப்படி. இருந்தாலும் திறப்பார். கையிலிருக்கும் குச்சியால் ஒரு கிளறு கிளறி எலுமிச்சைத் தோல், வெங்காயச் சருகு, முட்டை ஓடு, எலும்பு எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளுவார். "இதெல்லாம் தொட்டிக்குச் சேராதுத்தா. அதுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்பார். பிறகுதான் வாளி கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பார். அதற்குள் நழுவிவிடத்தான் தெருப் பெண்கள் பலரும் பார்ப்பார்கள்.

"ஏத்தா ரீனா, நேத்து வச்ச புளிச்சோறுல பாதி இங்க வந்துருக்கு. உப்பு கூடிப்போச்சா, இல்ல வீட்டுக்காரரோட சண்டையா?"

சண்டைதான். ரீனா காலி வாளியோடு நடையைக் கட்டினாள்.

திண்டுக்கல் லூர்து நகர் இரண்டாவது தெருவில், அங்கன்வாடியை ஒட்டிய காலி இடத்தில் இருக்கிறது அந்தத் தொட்டி. தெருக்காரர்கள் கொடுக்கும் மிச்சம் மீதியை அது தின்று, எரிவாயுவாகத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த வாயுவில்தான் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சமையல் நடக்கிறது. தொட்டியின் மேல் கவிழ்த்த டிரம் ஒன்று மிதக்கும். உள்ளே வாயு சேர்ந்தால் மேலே எழும்பும். எரிய எரியக் கீழே இறங்கும். தொட்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் தெரு நலச் சங்கச் செயலாளர் பெலிக்ஸ். வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அலையாய் அலைந்து சென்னை அறக்கட்டளை ஒன்றிடமிருந்து வாங்கிவந்தார். பராமரிக்க ஆள் வேண்டும் என்றதும் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். இஞ்ஞாசியம்மாள் மட்டும், "நான் பாத்துக்கிறேன் சார், சும்மாதான உக்காந்துருக்கேன்" என்றார்.

அவர் ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்தாறு வருடம் சத்துணவு சமைத்தவர். இரண்டாவது கரண்டிக்காகத் தட்டை நீட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளையும், அண்டாவின் அடி தெரிந்துவிட்ட நாள்களையும் அவர் மறக்கவில்லை. குப்பையில் சோற்றைக் கண்டால் அவருக்குக் கண் சிவந்துவிடும். அப்படிப்பட்டவரிடம் போய்த் தெருவின் எச்சில் சோற்றையெல்லாம் வாங்கிப் போடும் வேலையைக் கொடுத்தார்கள்.

வாளிகளைக் கிளறிக் கிளறியே யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் விருந்தாளி, யார் வீட்டு மருமகள் சமைக்கப் பழகுகிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துபோனது. வெளியே சொல்லமாட்டார். வாளிக்காரியிடம் மட்டும் கேட்பார். "மூணு பேருக்கு இம்புட்டுச் சோறு எதுக்குத்தா? அரிசி என்ன கொழாய்லயா வருது?" அடுத்த வாரமே அந்த வீட்டில் அரை ஆழாக்கு குறைத்துப் போட்டார்கள். மிஞ்சிய இட்லி உப்புமாவானது. பழைய சோறு நீராகாரமானது. ஒன்றரை வருடத்தில் தெருவே திருந்திவிட்டது. வாளிகளில் காய்கறித் தோலும் தேயிலைச் சக்கையும்தான் வந்தன. இஞ்ஞாசியம்மாளுக்கு அதில் கர்வம் உண்டு.

டிரம் இறங்கத் தொடங்கியது அப்போதிலிருந்துதான்.

முதலில் காலைச் சுண்டலுக்கு மட்டும் வாயு போதுமானதாக இருந்தது. அப்புறம் அதற்கும் போதாமல், அங்கன்வாடி மூலையில் கிடந்த சிலிண்டரைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஆடி மாதம் பிறந்தபோது டிரம் தரையோடு தரையாகக் கிடந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் பெலிக்ஸுக்குக் கடிதம் வந்தது. அறக்கட்டளை நடத்தும் பசுமைத் தெருப் போட்டியில் லூர்து நகர் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருந்தது. நான்கு நாளில் நடுவர்கள் நேரில் வருகிறார்கள். ஜெயித்தால் பெரிய தொட்டி ஒன்று கிடைக்கும். அடுப்பு எரியவில்லை என்றால் இருக்கும் தொட்டியையும் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

பெலிக்ஸ் வந்து டிரம்மைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினார். "இஞ்ஞாசியம்மா, நீங்க திட்டுறதக் கொஞ்சம் கொறைக்கணும். சனங்க மிச்சம் வைக்கலேன்னா நமக்கு ரினியூவபிள் எனர்ஜி எங்கருந்து வரும்?"

"அப்ப வீணாக்கச் சொல்லவா சார்?"

"வீணாக்கச் சொல்லல. கண்டுக்காம இருங்கன்னு சொல்றேன்."

அன்று மாலையே இஞ்ஞாசியம்மாள் வாளியோடு டவுன் பஸ் ஏறினார். கல்யாண மண்டபங்கள் ஆடி மாதம் என்று பூட்டிக் கிடந்தன. பஸ் நிலையம் பக்கத்துப் பிரியாணிக் கடையில் நாசர் இருந்தார். தெரிந்தவர்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்க கடையில எலும்பு எம்புட்டு வேணும்னாலும் அள்ளிட்டுப் போங்கக்கா. சோறு மிஞ்ச ஆரம்பிச்சா நான் கடையைப் பூட்டிட்டு உங்க தொட்டிக்கு வேலைக்கு வந்துர வேண்டியதுதான்." ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். வாளி காலியாகவே திரும்பி வந்தது.

மறுநாள் காலை பெலிக்ஸும் அவர் மனைவி லிடியாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஓர் அண்டாவைத் தூக்கிவந்து தொட்டியருகே இறக்கினார்கள். தட்டைத் திறந்ததும் ஆவி பறந்தது. வடித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத சோறு.

"ரேஷன் அரிசிதான்" என்றார் பெலிக்ஸ், எங்கோ பார்த்துக்கொண்டு. "இன்னிக்குப் போட்டாத்தான் நாளான்னிக்கு அடுப்பு எரியும். வேற வழியில்ல."

இஞ்ஞாசியம்மாள் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். பதமாக வெந்திருந்தது. "உப்புப் போடலையாத்தா?"

"இதுக்கு எதுக்குக்கா உப்பு?" என்றார் லிடியா.

இஞ்ஞாசியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அண்டாவிலிருந்து இரண்டு பிடி அள்ளி, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எதுவும் இல்லாமல் நின்றபடியே தின்றார். அப்புறம் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, மிச்சத்தைத் தொட்டியின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்தார். கிளறும்போது தொட்டிப் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

தொட்டி நன்றி மறக்கவில்லை. நடுவர்கள் மூன்று பேர் வந்து இறங்கிய காலையில் டிரம் இடுப்புயரம் எழும்பி நின்றது. வந்தவர்களுக்கான பாயசம் அந்த வாயுவில்தான் கொதித்தது. தலைமை நடுவர் நீலச் சுடரைப் பல கோணங்களில் படம் எடுத்தார். பிறகு இஞ்ஞாசியம்மாளிடம், "தொட்டிக்குக் கடைசியா என்ன போட்டீங்கம்மா?" என்று கேட்டார்.

பெலிக்ஸுக்கு முகம் வெளுத்தது.

"சோறு. நல்ல சோறு."

நடுவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மக்கள் கழிவைக் கழிவுன்னு சொல்றதில்ல பாருங்க, இதுதான் மனமாற்றம்" என்று உடன் வந்தவர்களிடம் சொல்லி, தாளிலும் எழுதிக்கொண்டார். கிளம்பும்வரை காத்திருக்காமல், பரிசு லூர்து நகருக்குத்தான் என்று அங்கேயே பெலிக்ஸின் காதில் சொல்லிவிட்டார். பெரிய தொட்டி அடுத்த மாதம் வரும். இதைப்போல ஐந்து மடங்கு தின்னும்.

மதியம் அங்கன்வாடி முற்றத்தில் பந்திப்பாய் விரித்து வாழையிலை போட்டார்கள். தெருப் பெண்கள் வீட்டுக்கொரு பதார்த்தமாகச் சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். தலைமை நடுவர் சாம்பாரையும் கூட்டையும் புகழ்ந்தார். உணவுச் சிக்கனம் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பாதிச் சோறும் முழுசாக ஒரு வடையும் கிடந்த இலையை மடித்தார்.

அவருக்குப் பின்னால் நின்ற பெலிக்ஸ், கண்டுக்காதீங்க என்று இஞ்ஞாசியம்மாளிடம் கண்ணாலேயே கெஞ்சினார். இதோ, தொட்டிக்குத் தீனி.

மிச்சம் எடுக்க வந்த இஞ்ஞாசியம்மாள் வாளியைக் கீழே வைத்தார். குனிந்து, மடித்த இலையை இரண்டு கைகளாலும் விரித்து, நடுவர் முன்னால் நேராக்கி வைத்தார்.